துப்பலா, இரத்தமா, முதுகுத் தண்ணீரா, மூளையா: மறதிநோய் ஆய்வுக்கு எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

மறதிநோய் ஆய்வுக்கு மாதிரி தருவீர்களா என்று கேட்டால் திருகோணமலை வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "டொக்டர் கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்பது ஒன்று. "அம்மாட ரத்தத்த வெளிநாட்டுக்கு வித்துக் காசு பாக்கப் போறாங்கள், வேணாம்" என்பது மற்றது. இரண்டுமே யோசித்துச் சொல்லும் பதில் இல்லை. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவள். உவர்மலையிலோ பாலையூற்றிலோ தெரிந்த வீட்டில் ஒருவருக்கு மறதி தொடங்கும். கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ காட்டப் போவார்கள். அங்கே ஆய்வு என்ற பேச்சு வந்தால், திரும்பி வந்து என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, குடுக்கலாமா?"

கொடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பது ஒன்று. கொடுத்ததை யார், எங்கே, எவ்வளவு காலம், எதற்காக வைத்திருக்கலாம் என்பது மற்றது. சனங்கள் பயப்படுவதெல்லாம் முதலாவதற்கு: ஊசி, இரத்தம், வெட்டு. எனக்கு யோசனை இரண்டாவதில்தான்.

அதற்கு முதல், நம்மவர்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். ஆய்வுக் குளிர்பெட்டிகளில் இருக்கும் மாதிரிகளோ பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இரத்தத்தில் பி-டாவ் 217 என்ற புரதத்தை அளந்து, மறதிநோய்களில் மிகப் பரவலான அல்சைமர் நோயை ஊகிக்கும் சோதனை இப்போது வந்திருக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அப்படியொரு சோதனைக்கு முதல் அனுமதி கொடுத்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் இந்தப் புரதம் வேறு காரணத்தாலும் கூடும். வடமத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எவ்வளவு பேரைப் பிடித்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நம் மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பக்கமும் அதற்குத் தப்பவில்லை. நோய் உண்டா இல்லையா என்று பிரிக்கச் சுவீடனிலும் அமெரிக்காவிலும் குறித்த எல்லைக்கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், சிறுநீரகக்காரர் ஒருவருக்கு இல்லாத அல்சைமரை எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தக் கோட்டை நமக்காகத் திருத்த நம்முடைய இரத்தம்தான் வேண்டும். வேறு வழி இல்லை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துப்பல் கொடுப்பது எல்லாவற்றிலும் சுலபம். ஒரு சின்னக் குப்பிக்குள் துப்பி மூடினால் அதிலுள்ள மருந்து மரபணுவைக் கெடாமல் காக்கும். குளிரூட்டல் தேவையில்லை, பஸ்ஸில் அனுப்பலாம். ஊசி இல்லாததால் எல்லோரும் உடனே சம்மதிப்பதும் இதற்குத்தான். நான் அதிகம் எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான். அந்தத் துப்பலிலிருந்து இன்று நோயின் நிலையைப் பெரிதாகச் சொல்ல முடியாது. பரம்பரையைத்தான் சொல்ல முடியும். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ. நான்கு என்ற மரபணு வடிவம் அம்மாவிடம் இரண்டு பிரதி இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒன்று கட்டாயம் இருக்கும். அம்மா தனக்காகத் துப்பினார். முடிவு பிள்ளைகளைப் பற்றியும் வந்துவிட்டது. அந்த வடிவம் இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை, இல்லாவிட்டால் வராது என்பதும் இல்லை. ஆனால் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இந்த நுணுக்கத்தை யார் கேட்கப் போகிறார்கள்? "அந்தக் குடும்பத்தில மூளை வருத்தம் இருக்காம்" என்ற ஒரு வரி போதும். ஆகவே துப்பல் கேட்டால் பிள்ளைகளையும் கூட்டிவைத்துப் பேசிய பிறகே கொடுக்க வேண்டும். மரபணு முடிவு வீட்டுக்குத் திரும்பி வருமா, வராதா, நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும்.

பரம்பரை பற்றிய பயத்துக்கு மறுபக்கமும் உண்டு. கொலம்பியாவில் அந்தியோக்கியா பகுதியில், 50 வயதுக்கு முன்பே அல்சைமர் வரும் பெரிய குடும்பமொன்றை பிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் வைத்தியர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். நோயைக் கொண்டுவரும் மரபணு இருந்தும் எழுபது வயதைத் தாண்டும்வரை ஞாபகம் பெரிதாகக் கெடாத ஒரு பெண் அந்தக் குடும்பத்தில் இருந்தார். அவரைக் காத்தது இன்னொரு அபூர்வ மரபணு மாற்றமாக இருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2020இல் அவர் இறந்தபோது மூளையும் ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டது. பணக்கார நாட்டின் குளிர்பெட்டிகளை மட்டும் கிளறிக்கொண்டிருந்திருந்தால் அந்த ஒருவரைக் கண்டிருக்க முடியாது.

அடுத்தது இரத்தம். இன்றைய நிலையில் திருகோணமலையில் இருந்து கொடுக்க மிகவும் பொருத்தமானது இதுதான் என்பது என் முடிவு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அளவு பெரிதல்ல. 10 மில்லிலீற்றர் என்றால் இரண்டு தேக்கரண்டி. இரத்ததான முகாமில் ஒரு பை 450 மில்லிலீற்றர்; அதைச் சிரித்துக்கொண்டு கொடுப்பவர் இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள். முழு இரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் அதே குழாய்தான், உள்ளே உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்கும். எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் செவ்வணு உடைந்து, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா சிவந்துவிடும். அந்தக் குழாய் பிறகு உதவாது. அவசரத்தில் குலுக்கும் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுழற்றினால் அடியில் செவ்வணு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. அந்தப் பிளாஸ்மாவை அரை மில்லிலீற்றர் படி சின்னக் குப்பிகளில் பிரித்து மறை 80 பாகையில் உறைய வைக்க வேண்டும். குப்பி பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். அல்சைமர் மூளையில் படியும் அமிலோயிட் என்ற புரதம் கண்ணாடியிலும் வேறு சில பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கணக்கில் வராது, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

இங்கேதான் நம் ஊரின் தூரம் குறுக்கே வருகிறது. இரத்தத்தை எடுத்து வெளியே வைத்திருந்தால் அமிலோயிட் சில மணித்தியாலங்களிலேயே குறையத் தொடங்கும். பி-டாவ் அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஒரு நாள் வரை தாக்குப்பிடிக்கும். நரம்பு சேதத்தைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் புரதமும் அப்படித்தான். ஆகவே மூதூரிலோ வெருகலிலோ காலையில் எடுத்த இரத்தம் மத்தியானம் திருகோணமலைக்கு வந்தாலும் பி-டாவ் பார்க்கும் ஆய்வுக்கு உதவும். அமிலோயிட் பார்க்கும் ஆய்வுக்குச் சந்தேகம்தான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் இந்தக் கணக்கு எவ்வளவோ சுலபமாகிவிட்டது. ஆற்றைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்திருந்த காலத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கவே முடியாது. ஆய்வுக்காரர் வந்தால் "எந்தப் புரதம் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை மணித்தியாலத்துக்குள் சுழற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் உங்கள் அம்மாவின் இரத்தம் வீணாகப் போகிறது என்று அர்த்தம். அது தானமும் இல்லை, ஆய்வும் இல்லை.

விரலில் குத்தி ஒரு துளியை அட்டையில் உலர்த்தி அனுப்பினாலும் பி-டாவ் 217ஐ அளக்க முடியும் என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டத் தொடங்கியிருக்கின்றன. அது நம்பகமான நிலைக்கு வந்துவிட்டால் ஈச்சிலம்பற்றிலிருந்து சாதாரணத் தபாலில் அனுப்பலாம். நம் போன்ற இடங்களுக்கு அதுதான் நாளைய வழி. இன்றைக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஊசியில் எடுத்த இரத்தத்தோடு சேர்த்து ஒப்பிடுவதற்காகக் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இரத்தத்தின் இன்னொரு நன்மை, திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்பது. மறதிநோய் படம் பிடிப்பதைப் போல ஒரு நாளில் தெரிவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எடுத்த குழாய்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எது முதலில் மாறியது என்று தெரியும். ஆனால் குழாயோடு கூடவே கதையும் போக வேண்டும். எப்போது பெயர்கள் மறந்தன, எப்போது வழி தவறியது, நீரிழிவு, பிரஷர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் அளவு, குடிக்கிற மருந்துகள் எல்லாம். கிளினிக்கில் கேட்டால் ஆங்கில மருந்துப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, சித்த வைத்தியரிடம் வாங்கும் சூரணத்தையும் லேகியத்தையும் மறைப்பது நம் வழக்கம். அதையும் சொல்ல வேண்டும். ஞாபகச் சோதனையைத் தமிழில் செய்தார்களா என்பதும் முக்கியம். மொக்கா என்ற சோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. ஆங்கிலப் படிவத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே வாயால் மொழிபெயர்த்துக் கேட்டுப் போட்ட புள்ளியோடு போகும் இரத்தத்தால் ஒரு பயனும் இல்லை.

அம்மாவோடு ஒன்றாக இருந்து, ஒரே சாப்பாடு சாப்பிட்டு, நோய் இல்லாமல் இருக்கும் அப்பாவின் இரத்தமும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சுகமானவர்கள் தேவை. இதை யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுக்க நினைப்பதும் இல்லை. நோயாளியோடு துணைக்கு வந்து வாங்கில் இருப்பவரும் கை நீட்டினால் ஆய்வின் பெறுமதி இரட்டிப்பாகும்.

முதுகுத் தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் மூளைய முண்ணாண் பாய்பொருள். மூளையைச் சுற்றியே ஓடுவதால் இரத்தத்தைவிட நேராகச் செய்தி சொல்லும். பயத்தில் பாதி தேவையற்றது: முண்ணாண் இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் போகிறது. மொத்தம் 150 மில்லிலீற்றர் அளவில் இருக்கும் இந்தத் திரவம் ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றர் வரை புதிதாகச் சுரக்கிறது. எடுக்கும் 10, 20 மில்லிலீற்றர் ஒரு மணித்தியாலம் அளவில் நிரம்பிவிடும். சிலருக்குத் தலையிடி வரும். நுனி மழுங்கிய மெல்லிய ஊசி பாவித்தால் அது குறையும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட நாளிலிருந்து இடுப்பு நோகிறது என்று சொல்லும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களை விவாதத்தில் வெல்ல நான் முயற்சிப்பதில்லை.

என் முடிவு இதுதான்: நோயைக் கண்டுபிடிக்கவே வைத்தியருக்கு முதுகுத் தண்ணீர் தேவைப்பட்டால், எடுத்ததில் மிஞ்சியதை ஆய்வுக்குக் கொடுங்கள். ஆய்வுக்காக மட்டும் 75 வயது அம்மாவின் முதுகில் ஊசி போட வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிப்பவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. இரத்தச் சோதனை இவ்வளவு முன்னேறியபின் அந்தச் சிரமத்துக்குக் கிடைக்கும் மேலதிகப் பலன் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது.

மூளைதானம் வேறொரு உலகம். அல்சைமர்தானா, வேறு வகையா, இரண்டும் கலந்ததா என்பதை இன்றும் முழு நிச்சயத்தோடு சொல்வது இறந்தபின் மூளையை நுண்காட்டியில் பார்த்துத்தான். 1906இல் அலோயிஸ் அல்சைமர் பார்த்ததும் தன் பழைய நோயாளி ஒருவரின் மூளையைத்தான். அந்தக் கண்ணாடித் தகடுகள் மியூனிக்கில் ஒதுங்கிக் கிடந்து, 1990களில் மீண்டும் கிடைத்து, புதிய முறைகளால் மறுபடி ஆராயப்பட்டன. கொடுத்த மாதிரி ஒன்று எவ்வளவு நீண்ட காலம் பேசும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. கொழும்பில் சேகரித்த முதியோர் மூளைகளையும் பெங்களூரில் சேகரித்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வும் 2016இல் வந்திருக்கிறது. ஆக, இலங்கையில் இது நடக்காத காரியமல்ல. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கம் மூன்றே வருடத்தில் சிங்கப்பூருக்கு விழிவெண்படலம் அனுப்பியது. கண்ணைக் கொடுத்த நாடு மூளையைக் கொடுக்கத் தயங்கத் தேவையில்லை.

தயக்கம் கோட்பாட்டில் இல்லை, மணிக்கூட்டில் இருக்கிறது. மூளையை இறந்து ஒரு நாளுக்குள், பிந்தினால் மூன்று நாளுக்குள் எடுத்தாக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முந்துவது நல்லது. ஒரு பாதியை ஃபோர்மலினில் போடுவார்கள், மறுபாதியை உறைய வைப்பார்கள். நம் இந்து வீடுகளில் என்ன நடக்கிறது? மகன் கனடாவிலிருந்து வர வேண்டும். மலர்ச்சாலைக்காரர் வந்து உடலுக்கு மருந்து ஏற்றிவிடுகிறார். அந்த மருந்திலும் ஃபோர்மலின்தான். அது ஏறியபின் உறைய வைத்துப் பார்க்கும் பாதிக்கு வேலையில்லை. ஆகவே மூளைதானம் என்று எழுதிவைத்திருந்தால் மலர்ச்சாலைக்கு அழைப்பு எடுக்க முன் மூளை வங்கிக்கு எடுக்க வேண்டும். துக்கம் விழுந்த வீட்டில் அந்த ஒழுங்கை நினைவில் வைத்திருக்க ஒருவர் வேண்டும். தலையின் பின்பக்கமாகத் திறந்து எடுத்துத் தைப்பதால் முகம் மாறாது, பெட்டியைத் திறந்து வைக்கலாம், கிரியைகளும் தகனமும் கன்னியா வெந்நீரூற்றில் செய்யும் சடங்கும் எதுவும் தடைப்படாது. "மூளைய எடுத்துப்போட்டு ஆத்மா என்ன செய்யும்?" என்று ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார். எரித்தபின் என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும் என்றேன். அவர் சிரித்தார், ஆனால் சம்மதிக்கவில்லை.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலைமை வேறு. அங்கே ஜனாஸாவை மணித்தியாலக் கணக்கில் அடக்கம் செய்துவிடுவார்கள். கொழும்பு 260 கிலோமீற்றர் தூரத்தில். அதோடு, 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைக் கட்டாயமாக எரித்த காயம் இன்னும் ஆறவில்லை. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டும்கூட. இறந்த உடலை அரசாங்க ஆட்கள் தொடுவது பற்றி அங்கே பேசப் போகிறவர் அந்தக் காலத்தை மறந்துவிட்டுப் போகக்கூடாது. அந்த வீடுகளில் உயிரோடிருக்கும்போது கொடுக்கும் இரத்தத்தைப் பற்றி மட்டும் பேசுவதே மரியாதை.

திருகோணமலை நகரத்துக்குள் இருப்பவர்களுக்கும் மூளைதானத்தை முதல் தெரிவாகச் சொல்ல மாட்டேன். சொந்த அறிவோடு, சுகமாக இருக்கும்போதே தான் விரும்பி எழுதியவருக்கு மட்டும்தான் அது. இறந்தபின் உடலையோ உறுப்பையோ கொடுப்பதற்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எழுதியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்காவிட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது. பெட்டிக்குள் கிடக்கும் கடிதம் முப்பத்தோராம் நாளுக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

சரி, எதை என்று பார்த்தாயிற்று. இனி யாரிடம், எங்கே.

ஒரு ஆய்வுக்கு மட்டும் கொடுத்து, முடிந்ததும் அழித்துவிடச் சொல்லலாம். பாதுகாப்பானது, ஆனால் கஞ்சத்தனமானது. பத்து வருடத்துக்குப் பிறகு வரும் சோதனைக்கு உங்கள் குப்பி இருக்காது. மற்ற எல்லை, "எதிர்கால ஆய்வுகள் அனைத்துக்கும்" என்று ஒரே வரியில் சம்மதிப்பது. அது வெற்றுத்தாளில் கையெழுத்து வைப்பது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுப்பாய் பழங்குடியினர் 1990களில் நீரிழிவு ஆய்வு என்று நினைத்து இரத்தம் கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் அது மனச்சிதைவு பற்றியும், அவர்கள் எங்கிருந்து வந்த இனம் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டிருந்தது. வழக்குப் போட்டு 2010இல் 7 இலட்சம் டொலரும் மிஞ்சிய மாதிரிகளும் திரும்பப் பெற்றார்கள். எந்த இனம் எங்கிருந்து வந்தது என்பது நம் மாவட்டத்தில் எவ்வளவு சூடான கேள்வி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறதிநோயும் அதோடு தொடர்பான மூளைநோய்களும் மட்டும், வம்சாவளி ஆய்வு இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதா, நாட்டுக்குள் வைப்பதா என்பதில்தான் அதிகம் வாக்குவாதம். 2019இல் மன்னார் சதொச வளாகத்து மனிதப் புதைகுழியின் எலும்பு மாதிரிகள் காலக்கணிப்புக்காகப் புளோரிடாவுக்குப் போனதிலிருந்து, வெளிநாட்டு ஆய்வுகூடம் என்றாலே இங்கே ஒரு முகச்சுளிப்பு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பி-டாவ் 217ஐ நுட்பமாக அளக்கும் கருவிகள் விலையுயர்ந்தவை, அவை குவிந்திருப்பது வெளிநாட்டில். நாட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் பல வருடம் அளக்காமலே கிடக்கலாம். அதற்குள் குளிர்பெட்டி என்ன பாடுபடுமோ. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் இருண்டது. மறை 80 பாகைப் பெட்டிக்கு ஜெனரேட்டரும், கரண்ட் போனால் குளிரைக் காக்கும் மாற்று வாயுவும், இரவில் ஓடிவர ஓர் ஆளும் வேண்டும். நம்மை மட்டும் குறைசொல்லவும் முடியாது: ஹார்வர்ட் மூளை வங்கியில் 2012இல் ஒரு குளிர்பெட்டி பழுதாகி, எச்சரிக்கை மணியும் அடிக்காமல், 150 அளவு மூளைகள் உருகிப் பழுதாயின. இங்கே ஐஸ் தாராளமாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்டார். மீன்வாடி ஐஸ் 0 பாகை. அனுப்ப வேண்டிய உலர்பனி மறை 78 பாகை.

இதில் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டும் என்று யார் சொன்னது? 10 மில்லிலீற்றர் இரத்தத்தில் 5 அளவு பிளாஸ்மா வரும். அது பத்துக் குப்பி. இத்தனை வாக்குவாதமும் அந்தப் பத்துக் குப்பியை ஒன்றாக நினைப்பதால் வருகிறது. ஆறு குப்பி நாட்டுக்குள், முடிந்தால் இரண்டு இடத்தில் பிரித்து. நான்கு குப்பி வெளியே, அளக்க வேண்டிய சோதனையின் பெயர் எழுதி, மிஞ்சியது திரும்பி வர வேண்டும் அல்லது அழிக்கப்பட வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. அளந்த எண்களை, பெயரும் கிராமமும் நீக்கி, எல்லா ஆய்வாளரும் பார்க்கத் திறந்துவிடலாம். 2004இல் தொடங்கிய அமெரிக்க அல்சைமர் படமாக்கல் ஆய்வு அப்படித்தான் தரவைத் திறந்துவைத்தது. அதை வைத்து உலகெங்கும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்தன. எண்கள் பயணம் போகட்டும், இரத்தம் அளவோடு போகட்டும். கிராமத்தின் பெயரை நீக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சல்லிக் கிராமத்தில் 81 வயது, ஓய்வுபெற்ற அதிபர், பெண் என்று எழுதினால் பெயர் எழுதத் தேவையே இல்லை. உடல்நலத் தகவலையும் மரபணுத் தகவலையும் தனி வகையாக வைத்து 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. ஆய்வுக்காரருக்கு அது தெரியுமா என்று கேட்பதில் தவறில்லை.

கம்பனிக்குப் போகுமா என்று கேட்பார்கள். போகலாம். மருந்தைச் செய்வது கம்பனிகள்தான். அந்த வாசலை முழுக்க அடைத்துவிட்டு மருந்து வரவில்லை என்று குறைசொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தின் ஊடாக, நெறிமுறைக் குழு பார்த்தபின், குப்பியை விற்காமல், கண்டுபிடிப்பிலிருந்து பிறக்கும் சோதனை நாட்டுக்குள் வந்தால் மலிவாகக் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு போனால் எனக்கு ஆட்சேபமில்லை. கடைசி நிபந்தனையை யாரும் எழுதித் தர மாட்டார்கள் என்று சிலர் சிரிக்கிறார்கள். கேட்டுத்தான் பார்ப்போமே.

யார் சம்மதிப்பது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். மறதி தொடங்கிய உடனே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழப்பதில்லை. ஆரம்பத்தில் இருக்கும் அம்மாவால் "இரத்தம் எடுக்கட்டும், மூளை வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்ல முடியும். ஆனால் நம் வீடுகளில் மூத்த மகன் கையெழுத்து வைப்பார், அம்மா பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். நோய் தெரிந்த முதல் மாதங்களிலேயே அவரிடம் நேராகக் கேட்டு, பின்னால் தன்னால் சொல்ல முடியாமல் போனால் தனக்காக யார் பேச வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வருடம் ஊசியைக் கண்டதும் கையை இழுத்தால், பழைய கையெழுத்தைக் காட்டி அமுக்கிப் பிடிக்கக் கூடாது. அந்த வருடத்துக் குழாய் இல்லாமலே போகட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது படிவத்தில் இருக்கும். விலகினால் ஏற்கெனவே அளந்த எண்களை எடுக்க முடியாது, மிஞ்சிய குப்பிகளை மட்டும்தான் அழிக்க முடியும் என்பது பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் கண்ணாடி போட்டு வாசியுங்கள்.

ஏற்கெனவே முற்றிவிட்ட நோயாளி என்றால், அவர் முன்பு இரத்ததானம் செய்தவரா, கண்தானம் எழுதியவரா, ஊசிக்குப் பயந்தவரா என்று பிள்ளைகள் நினைத்துப் பார்த்து, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று முடிவெடுக்க வேண்டும். அந்த நிலையில் நான் இரத்தத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், அதுவும் கிளினிக்குக்கு எப்படியும் இரத்தம் எடுக்கும் நாளில், அதே குத்தில்.

படிவம் தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் கையெழுத்து வையுங்கள், பிறகு விளங்கப்படுத்துகிறோம் என்றால் அன்று கொடுக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளைக்குத் தமிழ்ப் படிவத்தையும் தொலைபேசியில் தமிழ் பேசும் ஒருவரின் இலக்கத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவந்தால் இரண்டு தேக்கரண்டி இரத்தம் கொடுங்கள், அப்பாவினதையும் சேர்த்து.